வராகர் ஊர் பேரூராட்சியான கதை

வைணவர்கள் இரண்டு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஒன்று ஆழ்வார்கள் பாடிய 108 திவ்யதேசங்கள். மற்றது, பெருமாள் யாரும் செதுக்காமல் தானாகவே தோன்றினார் என்று நம்பப்படும் எட்டு இடங்கள்: ஸ்ரீரங்கம், திருமலை, வானமாமலை, பத்ரி, நைமிசாரண்யம், சாளக்கிராமம், புஷ்கரம், ஸ்ரீமுஷ்ணம். இந்த எட்டில் ஆறு ஊர்கள் முதல் பட்டியலிலும் இருக்கின்றன. ராஜஸ்தானில் இருக்கும் புஷ்கரத்தை விட்டுவிடலாம். கடலூர் மாவட்டத்தில் இருக்கும் ஸ்ரீமுஷ்ணம் ஏன் விடுபட்டது?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களையும் தேடித் தொகுத்த நாதமுனிகள் பிறந்தது காட்டுமன்னார்கோயிலில். அங்கிருந்து ஸ்ரீமுஷ்ணம் ஒரு பகல் நடைதான். பக்கத்து ஊர்க்காரர் கையில் பட்டியல் இருந்தும் இடம் கிடைக்கவில்லை.

பக்தர்கள் இதற்குப் பல சமாதானம் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது சாதாரணக் காரணம். ஆழ்வார்கள் காலத்தில் இது பெருமாள் கோயிலுக்காகப் பேர்போன ஊராக இருந்திருக்காது. இங்கே பெருமாள் பன்றி அவதாரமான வராகர்; அவர் கோயிலை ஒட்டியே நித்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள சிவன் கோயில் அது. வைணவ யாத்திரைக்காரர்கள் வராகரைச் சேவித்துவிட்டு பஸ் ஏறப் போகும் அவசரத்தில் பலர் அதற்குள் நுழைவதில்லை. ஊரின் வயதைக் கேட்க வேண்டிய இடம் அதுதான். வராகர் இந்த ஊருக்கு முதலாளி ஆனது பிறகு, விஜயநகரத்தார் வந்த பிறகு. வராகத்தைக் கொடியில் வைத்து, காசுக்கே வராகன் என்று பெயர் வழங்கிய அரசு அது. அந்த அரசின் ஆட்களுக்கு, தெற்கே தானாகத் தோன்றிய வராகர் ஒருவர் இருக்கிறார் என்ற செய்தி எவ்வளவு இனித்திருக்கும்!

கோயில் வாசல் கடந்து உள்ளே போனால் பதினாறு கால் மண்டபம் இந்தக் கதையைக் கல்லிலேயே வைத்திருக்கிறது. தூண் ஒவ்வொன்றிலும் குதிரையும் யாளியும் போர்வீரர்களும் பாய்கிற வேகத்தில் நிற்கிறார்கள். குதிரையின் சேணத்தில் தொங்கும் குஞ்சம் வரை உளி நிதானமாக வேலை செய்திருக்கிறது. அவற்றுக்கு நடுவே ஆளுயரத்தில், கைகூப்பி, கொஞ்சம் தொப்பையோடு சிலர் நிற்கிறார்கள். தஞ்சை அச்சுதப்ப நாயக்கரும் அவர் தம்பிமாரும் என்று கோயிலில் காட்டுவார்கள். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அதே நூற்றாண்டில் செஞ்சி நாயக்கர்களும் வராகருக்கு ஊர்களைத் தானமாக எழுதிவைத்திருக்கிறார்கள். தஞ்சையும் செஞ்சியும் ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. கொள்ளிடத்துக்கு வடக்கே, இரு தரப்புக்கும் எட்டுகிற தூரத்தில் ஸ்ரீமுஷ்ணம் இருந்தது. இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்ததில் ஊருக்கு லாபம்.

கருவறையில் மூலவர் சாளக்கிராமத் திருமேனி. பெரிய உருவம் அல்ல. இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி, உடம்பு மேற்குப் பார்க்க, முகத்தைத் தெற்கே திருப்பி நிற்கிறார். வேலை முடிந்து வரப்பில் ஏறி நின்று திரும்பிப் பார்க்கும் விவசாயி நிற்பது போல ஒரு நிலை. இரண்யாட்சனை வதைத்துப் பூமியை மீட்டு வந்த பிறகு இப்படி நின்றார், அப்போது வழிந்த வேர்வைதான் நித்யபுஷ்கரணித் தீர்த்தம் ஆயிற்று என்கிறது தலபுராணம். கண்ணிலிருந்து அரசும் துளசியும் பிறந்தனவாம். குளக்கரை அரசமரத்தைச் சுற்றி வருகிறவர்களுக்கு இந்தக் கதையில் சந்தேகமே கிடையாது.

கோயிலில் கிடைக்கும் பிரசாதம் வேறெங்கும் அவ்வளவாகக் காணக் கிடைக்காதது: கோரைக்கிழங்கு உருண்டை. முஸ்தாசூரணம் என்று எழுதுவார்கள். கோரைக்கிழங்கைக் காயவைத்து இடித்துச் சலித்த மாவில் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துப் பிடித்தது. மண்நிறம். வாயில் போட்டதும் முதலில் இனிப்பு, பிறகு மெல்ல ஒரு துவர்ப்பும் வேர்வாசனையும் எழும். வயலில் கோரை முளைத்தால் விவசாயிக்குத் தலைவலி. களைக்கொட்டால் கொத்தினாலும் அடியில் இருக்கும் கிழங்கு மறுபடி தழைக்கும். சாகுபடிச் செலவில் நல்ல பங்கு களையெடுப்புக்குப் போகும். அதை வேரோடு தோண்டித் தின்பது பன்றிதான். வராகருக்கு எதை நைவேத்தியம் வைப்பது என்று யோசித்தவர் இந்த மண்ணை நன்றாக அறிந்தவராக இருந்திருக்க வேண்டும்.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊர் பிறந்த கதை முழுமையாகாது. கிழக்கே காட்டுமன்னார்கோயில் பக்கம் கொள்ளிடத்துத் தண்ணீர் அணைக்கரையில் பிரிந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வருகிறது. அது காவிரிப் பாசனத்தின் கடைமடை, நெல்நாடு. மேற்கே விருத்தாசலம், ஆண்டிமடம் பக்கம் செம்மண் மேடு ஏறிக்கொண்டே போகும். முந்திரி, மணிலா, சவுக்கு. மணிலா என்று இந்தப் பக்கம் சொல்வது வேர்க்கடலையை. விருத்தாசலத்தில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் முந்திரியிலும் மணிலாவிலும் வி.ஆர்.ஐ. ரகங்களை வெளியிட்டு வந்திருக்கிறது. மேட்டின் பயிர் எது என்பதற்கு அதுவே சாட்சி. வடக்கே வெள்ளாறு. அதில் மணிமுத்தாறு வந்து கலக்கும் கூடலையாற்றூர் இங்கிருந்து பக்கம். அந்த ஊருக்குச் சுந்தரர் பதிகம் உண்டு. ஆக, நெல்நாடும் மேட்டுநாடும் உரசும் விளிம்பில் ஸ்ரீமுஷ்ணம் இருக்கிறது. நெல் உள்ளவனுக்கு மணிலா எண்ணெய் வேண்டும், மணிலா உள்ளவனுக்கு அரிசி வேண்டும். இரண்டு பேரும் சந்திக்க ஓர் இடம் தேவைப்படும். கோயில் இருந்தால் அந்த இடத்துக்குத் தேதியும் கிடைத்துவிடும்: திருவிழா.

இப்படி விளிம்பில் இருப்பதில் ஆபத்தும் உண்டு. வரி வசூலிக்கும் கை இரண்டு பக்கத்திலிருந்தும் நீளும். 1429இல் வெள்ளாற்றை ஒட்டிய கோயில்கள் பலவற்றில் ஒரே மாதிரியான கல்வெட்டுகள் வெட்டப்பட்டன. வலங்கை, இடங்கை என்ற இரு சாதி அணியினரும் ஒன்று கூடி, அதிகாரிகளும் நிலவுரிமை உள்ள காணியாளரும் சேர்ந்து பறிக்கும் அநியாய வரிகளைக் கொடுக்க மாட்டோம் என்று கட்டுப்பாடு செய்துகொண்டதைச் சொல்பவை அவை. ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமாவும் எ.சுப்பராயலுவும் அவற்றை அலசி ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த எதிர்ப்பு எழுந்து முக்கால் நூற்றாண்டு போன பிறகும் கதை தீரவில்லை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஸ்ரீமுஷ்ணம் கல்வெட்டு ஒன்று, கன்னடியர், அதாவது விஜயநகரத்தார், ஆட்சிக்கு வந்தது முதல் வரி ஏறிக் குடிகள் நொடித்துப் போனதை ஒப்புக்கொண்டு, திருநேத்திரநாதக் கச்சிராயர் என்ற தலைவர் வரி விகிதத்தைக் குறைத்ததைப் பதிவு செய்கிறது. கச்சிராயர் என்ற பட்டம் விருத்தாசலம் வட்டாரத்தில் இன்றும் புழங்குவது. வரியைக் குறைக்கிற ஆணையைத் தாராள மனசு என்று படிப்பவர்கள் உண்டு. நான் அதை மக்கள்தொகைக் கணக்காகப் படிக்கிறேன். அந்தக் காலத்தில் நிலம் மிச்சம், ஆள்தான் பற்றாக்குறை. வரி தாங்காத குடியானவன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த சீமைக்குப் போய்விடுவான். ஊர் பாழாகும். பாழான ஊரில் யாரிடம் வரி வாங்குவது? ஊரில் ஆளைப் பிடித்து வைக்கத்தான் கச்சிராயர் கல்லில் எழுதினார்.

ஊர் இப்படிப் பெருத்தும் இளைத்தும் வந்தது. அதன் பேர் மட்டும் வெளியே பரவிக்கொண்டே இருந்தது, ஒரே காரணத்தால்: இந்த ஊர்ச் சாமி உட்கார்ந்த இடத்தில் இருப்பவர் அல்ல. மாசி மகத்துக்கு உற்சவர் யக்ஞவராகர் சிதம்பரத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கும் கிள்ளைக்குப் போய்த் தீர்த்தவாரி கொடுக்க வேண்டும். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சாலை வழியாக ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். வழியெல்லாம் ஊர் ஊராக மண்டகப்படி. நெல்லும் தேங்காயும் வைத்துக் காத்திருக்கும் குடும்பங்கள், தலைமுறையாக இந்த நாளில்தான் இவ்விடத்தில்தான் என்று உரிமை பேசும் தெருக்கள். கிள்ளை தைக்காலில் எதிர்கொண்டு அழைப்பவர்கள் முஸ்லிம்கள். பட்டும் மாலையும் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். கோயில் மரியாதை அவர்களுக்கு நடக்கும். சாமியின் மாலையும் பிரசாதமும் அந்த ஊர் தர்காவுக்குப் போய் அங்கே பாத்தியா ஓதப்படும். மத நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டு என்று ஒவ்வொரு மாசியிலும் பத்திரிகைகளில் படம் வரும். அந்தத் தலைப்பு கொஞ்சம் அலுப்பான தலைப்பு என்பது என் அபிப்பிராயம். அங்கே நிற்பவர்களுக்கு அது கொள்கை அல்ல, வழக்கம். விருந்தாளி வந்தால் வாசலுக்கு வருவது.

சாமி இப்படி நடந்ததில் ஸ்ரீமுஷ்ணத்துக்கு ஒரு பிரதேசமே உண்டாயிற்று. வெள்ளாற்றங்கரை முதல் கடற்கரை வரை, தன் எல்லைக்குள் இல்லாத எத்தனையோ கிராமங்களில் இந்த ஊரின் பெயர் வருஷத்துக்கு ஒருமுறை வாசல் வந்து கூப்பிடும். வரைபடத்தில் அதற்குக் கோடு கிடையாது.

கோடு போட வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1801இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து அவர் சீமை கம்பெனி கைக்கு மாறியதும் தென்னார்க்காடு ஜில்லா உருவானது. ஸ்ரீமுஷ்ணம் சிதம்பரம் தாலுகாவில் ஒரு மேற்கு மூலை ஆயிற்று. கிஸ்தி கட்டவும் பத்திரம் பதியவும் சண்டை தீர்க்கவும் கிழக்கே போக வேண்டும். பிறகு ரயில் வந்தது. அதுவும் ஊருக்குள் வரவில்லை. ஒரு பாதை சிதம்பரம் வழியாகக் கடலோரமாகப் போயிற்று. 1929இல் திறந்த விழுப்புரம் திருச்சி கார்டு லைன் விருத்தாசலம் வழியாகப் போயிற்று. இப்போதைய தஞ்சாவூர் நெடுஞ்சாலையும் சேத்தியாத்தோப்பு, மீன்சுருட்டி என்று கிழக்கே ஒதுங்கியே போகிறது. விருத்தாசலத்துக்கு ரயில் ஜங்ஷன் கிடைத்தது, பின்னால் செராமிக் பேட்டையும் அதற்கென்று அரசுப் பயிற்சி நிலையமும் கிடைத்தன. ஃபியூஸ் கேரியரும் அகல் விளக்கும் பீங்கான் பொம்மையும் அங்கே சூளையில் வெந்து லாரி ஏறுகின்றன. ஸ்ரீமுஷ்ணத்துப் பையன்கள் டவுன் பஸ்ஸில் போய் அந்த வேலையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். சுமார் இருபது கிலோமீட்டர் இடைவெளியில் ஒரு ஊர் தொழில் ஊர், இன்னொன்று கோயில் ஊர். தண்டவாளம் கொஞ்சம் இந்தப் பக்கம் வளைந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று இந்த ஊர்ப் பெரியவர்கள் டீக்கடையில் பேசினால் தப்பில்லை.

இனி நிர்வாகம் என்கிற வறண்ட அத்தியாயம். ஆனால் ஊர் சட்டப்படி பிறந்தது அங்கேதான். 1882இல் ரிப்பன் பிரபு உள்ளாட்சிக்கென்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அதன் வழியில் சென்னை ராஜதானியில் 1884இல் உள்ளாட்சி வாரியச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, அதற்கும் கீழே சில கிராமங்களைச் சேர்த்த 'யூனியன்'. வீட்டுவரி வாங்கு, தெருவைக் கூட்டு, விளக்கு ஏற்று என்பதுதான் யூனியனின் வேலை. இதற்கு இருபது ஆண்டு முன்பே, 1864இல், ஐரோப்பாவின் தென்கிழக்கில் ருமேனியா இதையே வேறு பெயரில் செய்திருந்தது. இளவரசர் அலெக்ஸாந்த்ரு குசா போட்ட சட்டத்தால் கிராமங்கள் சேர்ந்து 'கொமுனா' ஆயின. பல குக்கிராமங்களுக்கு ஒரே மேயர், ஒரே மன்றம். அந்த நாட்டில் இன்றும் கிராமப்புறம் முழுவதும் கொமுனாக்கள்தான். அங்கே கொமுனா என்றால் கிராமம் என்று முடிவாகிவிட்டது. நகரம் வேறு பெட்டி. இங்கே நாம் அப்படி முடிவு செய்யவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெட்டி செய்தோம்.

அதுதான் பேரூராட்சி. 1958ஆம் ஆண்டுச் சென்னை ஊராட்சிகள் சட்டம், ஐயாயிரம் பேருக்கு மேல் மக்கள்தொகையும் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வருமானமும் இருந்தால் அந்த ஊரைச் சாதாரண ஊராட்சியிலிருந்து பிரித்து வைத்தது. 1981இல் இவற்றுக்கென்று தனி இயக்குநரகம் வந்தது. கிராமமாக இருந்து நகரமாகப் போகிற ஊருக்கு இடையில் ஒரு படி கொடுத்ததில் தமிழ்நாடு முன்னோடி என்று இன்றும் சொல்லிக்கொள்கிறோம். ஸ்ரீமுஷ்ணம் அந்தப் படியில் ஏறி உட்கார்ந்த ஊர். உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். 2021இல் மாவட்டத்தில் திட்டக்குடியும் வடலூரும் நகராட்சிகளாக உயர்ந்தன. ஸ்ரீமுஷ்ணம் உயரவில்லை, பத்தாயிரத்தைத் தாண்டிய மக்கள்தொகையோடு பேரூராட்சியாகவே இருக்கிறது.

இந்தப் படியே ஒருமுறை ஆட்டம் கண்டது. 2004இல் முப்பதாயிரத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள பேரூராட்சிகளை எல்லாம் 'சிறப்பு சிற்றூராட்சி' என்று ஒரே உத்தரவில் கிராமக் கணக்குக்கு மாற்றினார்கள். கிராமத்துக்கு வரும் மத்திய நிதி கிடைக்கும் என்பது கணக்கு. 2006 ஜூலையில் மறுபடி பேரூராட்சி என்று திருப்பி எழுதினார்கள். இந்த இரண்டு வருஷ இடைவெளிக்குள் விழுந்தது முக்கியமான ஒரு தேதி: 2006 பிப்ரவரி. நூறு நாள் வேலைத் திட்டம் நாட்டில் முதல் கட்டமாக 200 மாவட்டங்களில் தொடங்கியபோது தமிழ்நாட்டின் ஆறு மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. ஊரக வேலைக்கான சட்டம் அது, பேரூராட்சிக்குப் பொருந்தாது. ஆக, பலகையில் 'பேரூராட்சி' என்று திரும்ப எழுதியபோது, வேலை அட்டை கேட்கும் தகுதி அந்தப் பலகைக்கு வெளியே போய்விட்டது. ஊர் எல்லையைத் தாண்டிய அடுத்த கிராமத்தில் அதே மணிலா வயலில் களையெடுக்கும் பெண்ணுக்கு ஏரி வேலை உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவளுக்கு இல்லை. பேரூராட்சியாக உயர்த்துகிறோம் என்றால் கிராம மக்கள் ஏன் மறியலில் உட்காருகிறார்கள் என்று சென்னையில் இருப்பவர்கள் ஆச்சரியப்படுவதுண்டு. கூலிக்குப் போகிறவர்களைக் கேட்டால் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள்.

மக்கள்தொகைக் கணக்குக்கும் இதில் பங்கு உண்டு. சட்டப்படி பேரூராட்சி என்றால் கணக்கெடுப்பில் அது நகரம். கேள்வியே கிடையாது. சட்ட அந்தஸ்து இல்லாத ஊரை நகரம் என்று எழுதத்தான் ஐயாயிரம் பேர், ஆண் தொழிலாளரில் முக்கால் பங்குக்கு விவசாயம் அல்லாத வேலை, சதுர கிலோமீட்டருக்கு நானூறு பேர் என்று மூன்று சோதனை. 2011இல் தமிழ்நாட்டில் 48.4 விழுக்காட்டினர் நகரவாசிகள் என்று பெருமையோடு சொன்னோமே, அதில் நூற்றுக்கணக்கான ஸ்ரீமுஷ்ணங்களும் இருந்தன. காலையில் முந்திரித் தோப்புக்குப் போய் சாயங்காலம் மாட்டுக்குப் புல்கட்டோடு திரும்புகிறவரும் அந்த ஏட்டில் நகரவாசி.

தாலுகா ஆபீஸ் ஊருக்கு வர இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1993இல் தென்னார்க்காடு பிரிந்து கடலூர், விழுப்புரம் என்று இரண்டு மாவட்டங்கள் ஆயிற்று. ஸ்ரீமுஷ்ணம் கடலூரில் காட்டுமன்னார்கோயில் வட்டத்தில் இருந்தது. 2011 கணக்கெடுப்பிலும் அப்படித்தான். அதன் பிறகுதான் தனி வட்டம் ஆயிற்று. சாதிச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் கிழக்கே பஸ் ஏறிக்கொண்டிருந்தவர்கள் அதை நிறுத்தினார்கள். இப்போது சுற்றுக் கிராமத்துக்காரர்கள் இங்கே வந்து இறங்குகிறார்கள். ஜெராக்ஸ் கடை, மனு எழுதுகிறவர், சாப்பாட்டுக் கடை எல்லாம் அந்த வருகையில் பிழைப்பவை. ஊருக்கு வருகிறவர்களை வைத்துப் பிழைப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. நாயக்கர் காலத்தில் வராகர் கூட்டிவந்தார், இன்று தாசில்தார் கூட்டிவருகிறார். இரவு எட்டு மணிக்கு மேல் தெரு காலியானால் தெரியும், பகலில் இருந்த கூட்டத்தில் எத்தனை பேர் உள்ளூர்க்காரர் என்று. குழந்தை வரம் கேட்டுக் குழந்தையம்மன் சந்நிதிக்கு வந்த தம்பதிகளும், வராகரைச் சேவிக்க வேனில் வந்த கர்நாடகத்து மாத்வர்களும் கடைசி பஸ்ஸுக்குள் போய்விட்டிருப்பார்கள்.

2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 1.3.2027 அன்றைய நிலவரப்படி எடுக்கப்படும் என்று 2025இல் அறிவித்தார்கள். வீட்டில் வழக்கமாகக் குடியிருப்பவர்களை எழுதும் கட்டம் 2027 பிப்ரவரியில். அந்த மாதத்து மூன்றாம் வாரத்தில்தான் மாசி மகம். கணக்கெடுக்கும் ஆசிரியர் ஸ்ரீமுஷ்ணத்தில் கதவைத் தட்டும் நாட்களில் யக்ஞவராகர் கிள்ளைச் சாலையில் இருப்பார்; ஊரில் பாதி வீட்டில் ஆள் இருக்காது. ஆசிரியர் இரண்டாம் முறையும் வர வேண்டியிருக்கும்.